கல்லூரியில் படித்துக்கொண்டே பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கணக்கும் இயற்பியலும் டியூஷன் எடுக்கிறேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நானும் மூன்றாம் ஆண்டு படித்தபடி மாலையில் டியூஷன் எடுக்கிறேன். இரண்டு பாடத்தையும் தனித்தனியாக நடத்தாதீர்கள். நம் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இயக்கவியல் (பொருள்களின் இயக்கம் பற்றிய பாடம்) இயற்பியலின் முதல் தொகுதியிலேயே வந்துவிடும். அதற்குத் தேவையான வகையிடலோ (ஓர் அளவு மாறும் வீதத்தைக் காண்பது) கணக்கில் இரண்டாம் தொகுதியில்தான். பிள்ளைகள் தடுமாறுவதே இந்த இடைவெளியில்தான். அதனால் வகையிடலின் அடிப்படையை முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

ஒரு பந்தை 20 மீ/வி வேகத்தில் நேராக மேலே எறிகிறோம். உச்சியில் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலும் "சுழி" (பூஜ்ஜியம்) என்பார்கள். உடனே திருத்த மாட்டேன். "அங்கே திசைவேகம் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து அடுத்து என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியே அந்தரத்தில் நின்றுவிடுமே அண்ணா!" என்று அவர்களே சொல்வார்கள். அந்த நொடிக்காகவே டியூஷன் எடுக்கலாம்.

பிறகுதான் திசைவேகம்–நேரம் வரைபடம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் t நொடியில் திசைவேகம் 20 − 10t. கோடு 2 நொடியில் அச்சை வெட்டுகிறது, ஆனால் சாய்வு, அதாவது முடுக்கம், எங்கேயும் −10 தான். கோட்டுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தின் பரப்பு 20. அதுவே பந்து எட்டிய உயரம், 20 மீட்டர். இப்படிப் பரப்பைக் காணும் தொகையிடலும் அங்கேயே அறிமுகமாகிவிடும்.

வீட்டுப்பாடமாக மூன்று கணக்குக்கு மேல் கொடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதியே ஆகவேண்டும்.