விற்ற காசு எந்தக் கணக்கில் விழுகிறது?

கேள்வி: தொழில்கள் முடங்கியதில் எங்கள் நகராட்சியின் வரி வருமானம் படுத்துவிட்டது. சும்மா கிடக்கும் பொது இடங்களை விற்றால் கடனும் அடையும், புது முதலீடும் வரும் என்கிறார்கள் மன்றத்தில். பொதுச்சொத்தைத் தொடவே கூடாது என்று இன்னொரு கட்சி. நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: இரண்டும் இல்லை. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே காலத்தை ஓட்டியவன் நான். விற்பனைத் தீர்மானம் ஒன்று மேஜைக்கு வந்தால் என்ன விலைக்குப் போனது என்பதை அப்புறம்தான் பார்ப்பேன். அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதுதான் முதலில். சொத்து வாங்கவும் கட்டவும் வைத்திருக்கும் மூலதனக் கணக்கில் ஏறி, அங்கிருந்து குடிநீர்க் குழாய்க்கோ பழைய கடனுக்கோ போயிருந்தால் சரி, ஒரு சொத்து இன்னொன்றாக மாறியிருக்கிறது. அன்றாடச் செலவுக்கான பொது நிதியில் விழுந்து சம்பளத்திலும் மின்கட்டணத்திலும் கரைந்திருந்தால் அடுத்த வருடமும் அதே துண்டு விழும். விற்க இடம்தான் இருக்காது.

இங்கிலாந்தில் இதற்கு விதியே உண்டு. சொத்து விற்ற பணத்தை உள்ளாட்சிகள் பொதுவாக அன்றாடச் செலவுக்குத் தொட முடியாது. 2023 செப்டம்பரில் அங்குள்ள பர்மிங்காம் மாநகராட்சி, செலவுக்குப் பணமில்லை என்று கைவிரித்தது. பெண் ஊழியர்களின் சம ஊதிய நிலுவை ஒரு பக்கம், புதிதாகப் போட்ட கணினிக் கணக்குமுறை சொதப்பியது இன்னொரு பக்கம். மத்திய அரசு விதியைத் தளர்த்தி, சொத்தை விற்றுப் பள்ளத்தை அடைக்க அனுமதி கொடுத்தது. தீ அணைக்க வேண்டிய நேரம், கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பொருளாதார மீட்சி என்று பெயர் சூட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய ஊரும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன். 2006-ல் நகரத்துக்குச் சொந்தமான குடியிருப்பு நிறுவனத்தையே, சுமார் 48,000 வீடுகளோடு, ஃபோர்ட்ரஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். நிறுவனத்தின் தலையில் இருந்த கடன் போக ஏறக்குறைய 98 கோடி யூரோ கைக்கு வந்தது. நகரத்தின் கடன் முழுக்க அடைந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நடந்தது என்ன? வாடகை ஏறும்போது, வசதியில்லாதவர்களுக்குக் கொடுக்க நகரத்திடம் சொந்தமாக வீடு இல்லை. 2017-ல் புதிதாக ஒரு நகராட்சிக் குடியிருப்பு நிறுவனத்தை ஆரம்பித்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்கள். ஆகவே கணக்கோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இது நாளைக்குத் திரும்பத் தேவைப்படுமா? பயன்பாடு முடிந்த கிடங்கு என்றால் கவலை வேண்டாம். மருத்துவமனையை ஒட்டிய காலி மனை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொரு சங்கடம். உள்ளாட்சிக்கு விற்கத் தோன்றுவதே கையில் காசில்லாத நேரத்தில்தான். மனை விலையும் பெரும்பாலும் அப்போதுதான் கீழே கிடக்கும். வாங்குகிறவருக்கு அவசரமே இல்லை. மலிவாக வாங்கி, வேலி போட்டு, விலை ஏறும் வரை காத்திருப்பார். அந்த வேலிக்குள் ஒரு வேலைவாய்ப்பும் முளைக்காது. ‘முதலீடு வரும்’ என்கிறவர்கள் பதில் சொல்லவேண்டிய இடம் இது. ஹாம்பர்க் நகரம் பழைய துறைமுகப் பகுதியை ஹாஃபன்சிட்டி என்று மாற்றியபோது இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. தேர்வான கட்டுமானக்காரருக்கு மனையை உடனே எழுதிக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கி மட்டும் வைப்பார்கள். அதற்குள் அவர் வரைபடம் போட்டு, கட்டட அனுமதி வரை வந்தால்தான் கிரயம். வராவிட்டால் மனை நகரத்திடமே இருக்கும். தேர்விலும் விலைக்கு முப்பது சதவீத எடைதான்; அங்கே என்ன கட்டப் போகிறார் என்பதற்கு எழுபது. மனை விற்ற பணம் தனி நிதியில் சேர்ந்து, அதே பகுதியின் சாலைக்கும் பாலத்துக்கும் போனது. உங்கள் மன்றத்தில் விலையைத் தவிர வேறு நிபந்தனை ஏதாவது பேசினார்களா?

கேள்வி: விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டால் பாதுகாப்புதானே? நிலம் நம் பெயரிலேயே இருக்குமே.

பதில்: பெயர் இருக்கும். சிகாகோவைப் பாருங்கள். 2008 டிசம்பரில், மந்தநிலை கழுத்தைப் பிடித்த நேரம், தெருவில் வண்டி நிறுத்தக் காசு வாங்கும் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களின் வருமானத்தை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தார்கள். கிடைத்தது 115 கோடி டாலருக்குச் சற்று மேல். மேயர் அறிவித்து இரண்டே நாளில் மன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஒப்பந்தத்தின் அத்தனை பக்கத்தையும் யார் படித்திருப்பார்கள்? அடுத்த வருடம் நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் கணக்குப் போட்டு, குறைந்தது 97 கோடி டாலர் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும் என்றது. வந்த பணத்தில் பெரும்பகுதி சில வருடங்களிலேயே பட்ஜெட் பற்றாக்குறைக்குப் போய்விட்டது.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது ஒரு ஷரத்து. நகரம் ஏதாவது காரணத்துக்காக மீட்டர் இருக்கும் இடத்தை அளவுக்கு மேல் மூடினால் நிறுவனத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பேருந்துக்கும் சைக்கிளுக்கும் தனிப்பாதை போடக்கூட, சொந்தத் தெருவில், குத்தகைதாரர் கணக்கைப் பார்க்கவேண்டிய நிலை. குத்தகைப் பத்திரத்தில் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்பதோடு நிற்காதீர்கள். இடையில் வாடகையைத் திருத்தலாமா, திரும்ப எடுத்தால் என்ன கொடுக்கவேண்டும் என்ற பக்கங்கள் கடைசியில்தான் இருக்கும். அங்கிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.

கேள்வி: விற்கப்போகும் சொத்துகளின் பட்டியலை நகராட்சியில் கேட்டேன். ‘தயாராகிக்கொண்டிருக்கிறது’ என்றார்கள். தீர்மானமோ அடுத்த கூட்டத்தில் வருகிறதாம்.

பதில்: அப்படியானால் எதை விற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. சொத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். அளவு, எல்லை எல்லாம் இருக்கட்டும், ‘எவ்வகையில் கிடைத்தது’ என்ற பத்தியைத் தேடுங்கள். பாதி பதிவேடுகளில் அது காலியாக இருக்கும். நான் பார்த்த ஒரு கோப்பில் அந்தப் பத்தியில் மங்கிய மையில் ‘தானம்’ என்று இருந்தது. தானப் பத்திரத்தைத் தேடி எடுத்தால், பள்ளிக்கூடத்துக்கு மட்டும், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் வாரிசுகளுக்கே திரும்பும் என்று நிபந்தனை. ஏலத் தேதி வரை குறித்துவிட்டிருந்தார்கள்!

உங்கள் கடிதத்தில் தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு, பட்டியலும் சுயேச்சை மதிப்பீட்டு அறிக்கையும் வராமல் தீர்மானத்தை எடுக்கக் கூடாது என்று ஆட்சேபனை கொடுங்கள். கூட்டத்துக்குப் பிறகு கொடுத்தால் கோப்பில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள்; முன்பே கொடுத்தால் அதிகாரி ஒருவராவது கையெழுத்துப் போடத் தயங்குவார்.