ஆச்சி தனியாக இருக்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் 76 வயது ஆச்சி தனியாக இருக்கிறார். சென்னைக்கு வர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? (பேத்தி, தாம்பரம்)

பதில்: முதலில், கூப்பிடுவதை நிறுத்துங்கள் தாயி. வீரவநல்லூரில் என் பெரியம்மையை நான் நாலு வருடம் கூப்பிட்டுப் பார்த்தேன். "அங்க வந்து யாரு மூஞ்சிய பாக்க?" என்றுவிட்டார்.

அப்புறம்தான் வளவில் பேசி வைத்தோம். காலை ஆறரைக்குள் வாசலில் கோலம் இல்லை என்றால் எதிர்வீட்டு மதினி கதவைத் தட்டுவார். மாற்றுச்சாவி அவரிடம். பால்காரத் தம்பியிடம் என் நம்பர். போன மார்கழியில் ஒருநாள் கோலம் இல்லை. பெரியம்மை புறவாசல் படியில் வழுக்கி உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, சுளுக்கோடு போயிற்று. மறுநாளே கொத்தனாரை வைத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்தோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், புத்தி வரவில்லை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ரேஷன் பொருள் வீட்டுக்கே வரத் தாயுமானவர் திட்டம்; 2025-இல் தொடங்கியபோதே 70 தாண்டியவர்களைச் சேர்த்தார்கள். கடைக்காரரிடம் கேளுங்கள். போஸ்ட்மேனும் வாசலிலேயே ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுத்துத் தருவார். அவசரத்துக்கு 108; யோசனை, உதவி கேட்க முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை. பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

மதினிக்குப் பொங்கலுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார்.