சார்க்கை எந்தப் பெட்டியில் வைப்பது?

கேள்வி: சென்னையில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். ஒரு பகுதியின் நாடுகள் எப்படி ஒன்றுசேர்கின்றன என்று விளக்கும் பிராந்திய ஒருங்கிணைப்புக் கோட்பாடுகளை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டேன். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கை அவற்றில் எதில் பொருத்துவது என்றுதான் தெரியவில்லை. மண்ணடியில் மொத்த வியாபாரம் செய்யும் அப்பா இலங்கையிலிருந்து கிராம்பும் பட்டையும் இறக்குமதி செய்கிறார். அவரிடம் சொன்னால், "சார்க் இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று சிரிக்கிறார். எந்தக் கோட்பாடுதான் சரி? – வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: அப்பாவின் கேள்வியை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2014 நவம்பரில் காத்மாண்டுவில் கூடிய சார்க் தலைவர்கள் அதன் பிறகு உச்சி மாநாட்டுக்குக் கூடவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாடு, காஷ்மீரில் ஊரி ராணுவ முகாம் தாக்கப்பட்டதை அடுத்து இந்தியா விலகியதால் நின்றுபோனது. காத்மாண்டுவில் செயலகம் மட்டும் இயங்குகிறது. மூச்சு இருக்கிறது, நடமாட்டம் இல்லை.

எந்தக் கோட்பாடு சரி என்று கேட்பதற்கு முன், எது எப்போது பிறந்தது என்று பாருங்கள். அரசியல் சிந்தனையாளர் டேவிட் மிட்ரனி எழுதியது 1943இல், உலகப் போருக்கு நடுவில். அரசியலைத் தொடாமல், போக்குவரத்து போன்ற அன்றாடத் தேவைகளில் நாடுகள் சேர்ந்து வேலை செய்யட்டும் என்றார். அடுத்து அரசியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகள் 1951இல் கையெழுத்திட்ட நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்தை உற்றுக் கவனித்தவர். நிலக்கரிக்குச் சுங்கத்தை எடுத்துவிட்டு, அதை ஏற்றிச் செல்லும் ரயில் கட்டணத்தில் பாரபட்சம் வைத்திருந்தால் என்ன பயன்? ஒன்றைத் தொட்டால் அடுத்ததையும் தொட்டாக வேண்டும். இந்த வழிந்தோடல்தான் அவர் 1958இல் வெளியிட்ட நூலின் உயிர்.

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். மோட்டார் மின்கட்டணத்தைப் பங்கிடத்தான் முதலில் கூடினோம். பிறகு சம்ப் சுத்தம் செய்வது வந்தது, அப்புறம் காவலாளி. ஹாஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பெரும்பான்மை முடிவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து, மேல்மாடிக்காரர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். 1965இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் செய்ததும் ஏறக்குறைய அதுதான். விவசாய நிதியிலும் பெரும்பான்மை வாக்கெடுப்பிலும் முரண்பட்டு, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் கூட்டங்களில் பிரெஞ்சு நாற்காலியை ஏழு மாதம் காலியாக வைத்தார். அதைக் கண்டுதான் அரசியல் அறிஞர் ஸ்டான்லி ஹாஃப்மன் 1966இல், பாதுகாப்பு போன்ற உயிர்நாடி விஷயங்களில் அரசுகள் பிடியை விடாது என்று எழுதினார். ஹாஸ் தாமே 1975இல் தாம் வளர்த்த ஒருங்கிணைப்புக் கோட்பாடு காலாவதியாகி வருகிறது என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். 1990களில் வந்த அறிஞர் ஆண்ட்ரூ மொராவ்சிக் ஹாஃப்மனின் வாதத்தில் உள்நாட்டுப் பொருளாதார நலன்களைச் சேர்த்தார். தேர்வுக்கு அவரைப் பற்றி ஒரு பத்தி போதும்.

இனி சார்க். 1985இல் டாக்காவில் பிறந்தபோதே அதன் சாசனம் இரண்டு பூட்டுகளைப் போட்டுவிட்டது: முடிவுகள் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புச் சச்சரவுகளைப் பேசக் கூடாது. ஹாஸ் எதிர்பார்த்த வழிந்தோடலுக்கு வாசலிலேயே அணை. அதைவிடப் பெரிய குறை, தள்ளிவிட ஆள் இல்லாதது. ஐரோப்பாவில் ஒருங்கிணைப்பு நின்றால் நஷ்டப்படும் ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் இருந்தார்கள். தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் சுமார் 5 சதவீதம்தான். சார்க் முடங்கினால் யார் கடைக்குப் பூட்டு விழும்? அதனால் யாரும் கூச்சலிடுவதில்லை.

மிட்ரனிக்கு என்னுடைய மறுப்பு பாக் நீரிணையில் இருக்கிறது. மீன்பிடித்தலைப் போல அரசியல் கலக்காத வேலை வேறு உண்டா? ஆனால் ராமேசுவரத்து விசைப்படகு எல்லையைத் தாண்டினால் படகு பறிமுதலாகிறது, மீனவர் சிறைக்குப் போகிறார், முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தப் பக்கம், அதே விசைப்படகுகளால் வலை அறுந்து நிற்பவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர். இங்கே வழிந்தோடல் தலைகீழாக நடக்கிறது. வலையில் தொடங்கியது இறையாண்மையில் போய் முட்டுகிறது. விடைத்தாளில் இதை எழுதுங்கள். திருத்துபவருக்கு நூறாவது முறையாக ஐரோப்பாவைப் படிக்கும் சலிப்பு இருக்கும்.

ஐரோப்பாவை அளவுகோலாக வைத்து மற்றவர்களுக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 1967இல் பாங்காக்கில் தொடங்கிய தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியான், அரசுகளுக்கு மேல் ஓர் அதிகாரத்தை விரும்பவே இல்லை. கலந்துபேசி இணங்குவதையே வழக்கமாக்கிக்கொண்டது. அதைத் தோற்றுப்போன ஐரோப்பா என்று எழுதினால் பிழை. ஆசியானை ஆராய்ந்த அமிதவ் ஆச்சார்யாவைப் படித்தால் ஏன் என்று புரியும்.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 2000 முதல் இருதரப்புத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. சார்க் நாடுகளுக்கான தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா 2006இல் வந்தது. அடுத்த முறை அப்பாவுக்குக் கிராம்பு மூட்டைகள் வரும்போது, அவற்றோடு வரும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் இந்த இரண்டில் எந்த ஒப்பந்தத்தின் பெயர் இருக்கிறது, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று அவரிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.