தேர்வுக்குப் படிக்கும்போது காபி, எனர்ஜி டிரிங்க், போன், ஏஐ செயலி எல்லாம் பயன்படுத்துகிறேன். இவை படிப்பையும் உடல்நலத்தையும் பாதிக்குமா?

பாதிக்கும். ஆனால் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கெட்டது' என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றும் நமக்குள் எழும் ஏதோ ஓர் உணர்வை அடக்குகிறது. காபி தூக்கத்தை, போன் சலிப்பை, ஏஐ 'புரியவில்லையே' என்ற தவிப்பை. அந்த உணர்வு எதற்காக வந்தது என்று பார்த்தால், எதை எப்போது தள்ளிவைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

வேலை பார்த்துக்கொண்டே ஒரு தொழில்முறைத் தேர்வுக்கு இரண்டு வருடம் படித்தேன். இரவு 9 மணிக்குப் பெரிய கோப்பை நிறைய காபி, 12.30 வரை படிப்பு, காலை 6 மணிக்கு எழுந்துவிடுவேன். படுத்ததும் தூக்கம் வந்துவிடும். அதனால் காபி என்னை ஒன்றும் செய்வதில்லை என்றே நம்பினேன். முதல் முறை தேறவில்லை. முந்தைய வாரம் மணிக்கணக்காகப் படித்த பாடம்கூட, 'எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே' என்ற அளவுக்குத்தான் தேர்வு அறையில் நினைவுக்கு வந்தது. அந்த நாளின் வருத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

காபி செய்வது இதுதான். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது மூளை செல்களில் தனக்கென இருக்கும் ஒட்டும் இடங்களில் (ஏற்பிகளில்) போய் ஒட்டும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. காபியில் இருக்கும் கஃபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கிறது. நமக்குத் தெரியாமல் மட்டும் போகிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இது ஆளுக்கு ஆள் நிறைய மாறும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீளும். என் கணக்குப்படி, 9 மணிக்குக் குடித்ததில் பாதி, நள்ளிரவு 2 மணிக்கும் எனக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. சட்டென்று தூங்கிவிட்டாலும் ஆழ்ந்த தூக்கம் குறைந்துபோகும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கும் தூக்கம் 1 மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது.

தூக்கம் குறைந்தால் படிப்புக்கு என்ன? படித்தது மனதில் தங்குவதில் பெரும்பங்கு தூக்கத்துக்கு உண்டு. 1924லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு மாணவர்களைப் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்து, சில மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். இடையில் தூங்கியபோது நினைவில் நின்றது, விழித்திருந்தபோது நின்றதைவிட அதிகம். நானோ படிக்க நேரம் வேண்டும் என்று, படித்ததைச் சேமிக்கும் நேரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் டப்பாவின் அளவைப் பாருங்கள். 250 மில்லி டப்பாவில் பொதுவாக 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், ஏறக்குறைய ஒரு கோப்பை காபி அளவு. 500 மில்லி என்றால் 160. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை பரவாயில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். பதின்வயதினருக்கு அது சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 50 கிலோ இருக்கும் பிள்ளைக்கு 150தான் வருகிறது, ஒரே ஒரு 500 மில்லி டப்பாவில் அது தாண்டிவிடுகிறது. தம்பி தங்கைகள் குடித்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்து ஏஐ. எனக்கு இதுதான் அதிகக் கவலை. துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கேட்டதும் விடை சொல்லும் ஏஐ கையில் இருந்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஏஐயைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த ஏஐயில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டு தவிக்கும் அந்த நேரம் வீணாகத் தோன்றும். ஆனால் மூளை வேலை செய்வது அப்போதுதான். அதனால் நான் இப்போது ஏதாவது புதிதாகக் கற்கும்போது முதலில் 15 நிமிடம் தனியாக முட்டிப் பார்ப்பேன். அப்புறம் 'அடுத்த படி மட்டும் சொல்' என்று கேட்பேன். மறுநாள் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு அதே கணக்கை மறுபடி போடுவேன். மறுநாள் வரவில்லையென்றால் எனக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

போனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பாடம் சலிக்கும் நொடியில் கை அதைத் தேடும், திரும்பி வரும்போது விட்ட இடம் மறந்திருக்கும். சைலன்ட்டில் போட்டும் எனக்குச் சரிவரவில்லை. வேறு அறையில் வைத்த பிறகுதான் தொடர்ந்து 40 நிமிடம் உட்கார முடிந்தது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கவனம் கூடும் என்று யாராவது மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தில்ஃபெனிடேட், மொடாஃபினில் போன்றவற்றை எடுத்த ஆரோக்கியமானவர்கள் சிக்கலான புதிர்களில் கூடுதல் நேரமும் முயற்சியும் செலவழித்தார்கள். அந்த முயற்சியின் தரமோ குறைந்திருந்தது. ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் போகும் ஒரு குறைபாடு) உள்ளவர்கள் மருத்துவர் சொல்லி எடுப்பது வேறு, அவர்கள் அதை நிறுத்தக் கூடாது.

இரண்டாம் முறை தேறினேன். காபியை மாற்றியது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பாடமும் இரண்டாம் சுற்றுதானே. நான் காபியை விடவில்லை, மதியம் 2 மணிக்கு மேல் குடிப்பதில்லை. நீங்களும் குறைப்பதாக இருந்தால் படிப்படியாகக் குறையுங்கள். தினமும் குடித்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் அந்தச் சோதனை வேண்டாம். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள்.