வாசகர் கேள்வி–பதில்: சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய கப்பலும் கார்டன் லைட்ஃபுட்டின் பாட்டும்

கேள்வி: கதை சொல்லும் பாட்டு எழுத விரும்புகிறவர்கள் கனடாவின் கார்டன் லைட்ஃபுட்டைக் கேட்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கப்பல் மூழ்கியதைப் பற்றிய அவருடைய ‘தி ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு’ பாட்டைத் தேடிக் கேட்டேன். ஒரே மெட்டு முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது, பல்லவிகூட இல்லை. இதில் அப்படி என்ன சிறப்பு?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பல்லவி இல்லாததிலிருந்தே தொடங்குகிறேன். பல்லவி கேட்பவருக்குக் கிடைக்கும் இளைப்பாறல்; கதை சற்று நிற்க, ஏற்கனவே பழகிய ஓர் இடத்துக்கு நாம் திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொள்கிறோம். 1975 நவம்பர் 10 அன்று இரவு சுப்பீரியர் ஏரியில் 29 பேருடன் மூழ்கிய ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு’ சரக்குக் கப்பலில் இருந்தவர்களுக்கு அப்படித் திரும்பி வர ஓர் இடம் வாய்க்கவில்லை. லைட்ஃபுட் அந்த இளைப்பாறலை நமக்கும் தரவில்லை. அலைக்குப் பின் அலையாக ஒரே மெட்டு வந்துகொண்டே இருக்கிறது. ஏறத்தாழ ஆறரை நிமிடமும் கதை முன்னோக்கியே போகிறது.

அந்த ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரி என்றதும் நமக்குக் கரையும் மதகும் நினைவுக்கு வரும். சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அதுதான். நவம்பர் மாதத்துப் புயலில் அது கடலைப் போலவே கொந்தளிக்கும். 729 அடி நீளமும் 26,000 டன்னுக்கு மேல் இரும்புத் தாது உருண்டைகளும் கொண்ட அந்தக் கப்பல், விஸ்கான்சின் மாநிலத்துச் சுப்பீரியர் துறைமுகத்திலிருந்து நவம்பர் 9 அன்று புறப்பட்டது. மறுநாள் இரவு ஏழு மணி கடந்து சில நிமிடங்களில், பின்னால் வந்துகொண்டிருந்த ‘ஆர்தர் எம். ஆண்டர்சன்’ என்ற கப்பலிடம், சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் மாலுமித் தலைவர் வானொலியில் பேசினார். அதன்பின் ஒரு சொல்லும் வரவில்லை. அபாய அறிவிப்புகூட வரவில்லை.

இந்தச் செய்தியை ஒரு வாரப் பத்திரிகையில் படித்த லைட்ஃபுட் பாட்டை எழுதி, அடுத்த மாதமே டொராண்டோவில் பதிவு செய்தார். 1976இல் வெளியான அந்தப் பாட்டு கனடாவில் முதலிடத்தையும் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் எட்டியது. ஆனால் என்னை அந்தப் பாட்டில் நிறுத்தி வைத்திருப்பது அதன் வெற்றியன்று, அதில் வரும் சமையற்காரர்.

பாட்டின் வரிகளை முதன்முறையாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. புயலின் வேகத்தை லைட்ஃபுட் எண்களால் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கப்பலின் முதிய சமையற்காரர் மேல்தளத்துக்கு வந்து, கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் உங்களுக்குச் சோறு போட முடியாது என்கிறார். அவ்வளவுதான். அடுப்பில் பாத்திரம் நிற்கவில்லை என்பதை நாமே புரிந்துகொள்கிறோம். சற்று நேரம் கழித்து அதே மனிதர் மறுபடியும் வந்து, உங்களையெல்லாம் அறிந்திருந்ததில் மகிழ்ச்சி என்று விடைபெறுகிறார். ஒரு பெரிய கப்பலின் முடிவை, தினமும் சாப்பிட அழைக்கிற மனிதனின் இரண்டு பேச்சுகளுக்கு நடுவே வைத்துக் காட்டியிருக்கிறார்.

கப்பல் மூழ்கும் கணத்தை அவர் வருணிக்கவும் இல்லை. விளக்குகள் கண்ணிலிருந்து மறைந்தன என்று மட்டும் சொல்லிவிட்டு, பிளந்திருக்கலாம், கவிழ்ந்திருக்கலாம், ஆழத்தில் உடைந்து தண்ணீர் புகுந்திருக்கலாம் என்று தமக்குத் தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிடுகிறார். உயிர் தப்பியவர் ஒருவரும் இல்லாத விபத்துக்கு இதைவிட நேர்மையான சொல்முறை இருக்க முடியாது. பாட்டு முழுவதிலும் மிகக் கனமான கேள்வி அவர் குரலுக்குள் எழுவது ஓர் இடத்தில்தான்: அலைகள் நிமிடங்களை மணிகளாக நீட்டும்போது கடவுளின் அன்பு எங்கே போய்விடுகிறது என்று அங்கே கேட்கிறார். பதில் சொல்லாமல் அடுத்த அடிக்குப் போய்விடுகிறார்.

கேள்வி: எழுதியவர் பெயர் தெரிந்திருக்க, இதை நாட்டுப்புறப் பாட்டு என்று எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாய்வழி வந்த பாட்டு என்ற பொருளில் இது நாட்டுப்புறப் பாட்டன்று; அந்த மரபில் ஊறி, தாமே எழுதித் தாமே பாடுகிறவர்களின் வரிசையில் வருவது. சிறுவயதில் கேட்ட ஒரு பழைய ஐரிஷ் இரங்கல் பாட்டின் மெட்டு மனத்தில் தங்கியிருந்ததாகவும், அதுவே இதற்கு வித்தானதாகவும் லைட்ஃபுட் சொல்லியிருக்கிறார். மெட்டு பழைய சொத்து, சொல் புதிது. கதைப்பாடல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தன.

கேள்வி: அந்தக் கப்பல் கிளீவ்லாந்துக்குப் போனதாகப் பாட்டு சொல்கிறது. டெட்ராய்ட் அருகே ஸுக் தீவுக்குப் போனதாக நான் படித்தேன். உண்மைக் கதை என்று சொல்லிக்கொண்டு பிழையோடு எழுதலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தாங்கள் படித்ததே சரி. கப்பல் போகவேண்டிய இடம் ஸுக் தீவு. இறந்த மாலுமிகளுக்காக மணி ஒலித்த டெட்ராய்ட் தேவாலயத்தின் பெயரையும் அவர் சந்தத்துக்காக மாற்றிப் பாடியிருக்கிறார். இந்த வகைப் பிழைகளை நான் மன்னித்துவிடுவேன், ஏனெனில் அவற்றால் யாருக்கும் தீங்கு இல்லை. இறந்தவர்கள் மீது பழி விழுகிற இடத்தில் பாடலாசிரியர் என்ன செய்கிறார் என்பதையே நான் பார்ப்பேன். அங்கே லைட்ஃபுட் நடந்துகொண்ட விதத்துக்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது.

பாட்டின் மூல வடிவத்தில், மாலை ஏழு மணிக்குச் சரக்கறையின் முதன்மையான மேல்மூடி உள்வாங்கியது என்று ஒரு வரி உண்டு. மூடிகள் சரியாகத் தண்ணீரைத் தடுக்கவில்லை என்பது 1977இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை வந்தடைந்த முடிவு. மூடிகளைப் பூட்டி இறுக்குவது மாலுமிகளின் வேலை. ஆகவே அந்த வரியைக் கேட்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், நம் வீட்டுப் பிள்ளையின் கவனக்குறைவால் கப்பல் போயிற்றோ என்ற முள் குத்தியிருக்கும். மாலுமிகள் மீது தவறில்லை என்று வாதிட்ட ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் பிற்பாடு வந்தபோது, 2010 முதல் மேடைகளில் அவர் அந்த வரியை மாற்றி, ஏழு மணிக்கு இருள் சூழ்ந்தது என்று பாடத் தொடங்கினார். பாட்டு வந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாற்றும்படி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இது ஒருமுறை நிகழ்ந்த பெருந்தன்மையும் அன்று. இதே பாட்டில் அந்தத் தேவாலயத்தைப் பூஞ்சை வாடை அடிக்கும் பழைய கூடம் என்று எழுதியிருந்தார். எங்கள் கோயிலில் அப்படி வாடை இல்லை என்று சபையைச் சேர்ந்தவர் சொன்னபின் அந்தச் சொல்லையும் மேடையில் மாற்றிக்கொண்டார். தம் மணமுறிவைப் பற்றி 1970இல் பாடிய புகழ்பெற்ற பாட்டில், உன்னிடம் இல்லாத உணர்வுகள் என்று மனைவியைச் சுட்டிய இடத்தை, மகள் எடுத்துச் சொன்னதற்குப் பிறகு நம்மிடம் இல்லாத உணர்வுகள் என்று பாடினார். ஓர் எழுத்தாளனுக்குத் தான் எழுதி, உலகமே மனப்பாடம் செய்துவிட்ட வரியில் கைவைப்பது எவ்வளவு கடினம் என்பதை எழுதுகிறவர்கள் அறிவார்கள்.

அந்தத் தேவாலயமும் அவரை மறக்கவில்லை. 1975இல் மாலுமிகளுக்காக 29 முறை ஒலித்த அதே இடத்து மணி, 2023 மே 1 அன்று லைட்ஃபுட் இறந்தபின், மறுநாள் 30 முறை ஒலித்தது.

கேள்வி: ஆங்கிலம் எனக்கு முழுமையாகப் பிடிபடுவதில்லை. இருந்தும் அந்தப் பதிவின் நாதம் அறையை நிறைப்பதுபோல் இருக்கிறது. மின்னிசை ஆரவாரம் அதிகமில்லாமல் இது எப்படி முடிகிறது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: முதற்காரணம் அவர் கையிலிருக்கும் பன்னிரண்டு தந்தி கிடார். அதில் தந்திகள் இரண்டிரண்டாக ஆறு ஜோடிகள். கனமான நான்கு ஜோடிகளில் ஒரு தந்திக்கு அதன் இணை ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மற்ற இரண்டு ஜோடிகளில் இரண்டும் ஒரே சுருதி. எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் இரண்டு தந்திகள் அணுவளவும் பிசகாமல் ஒன்றாக நிற்பதில்லை. அந்த நூலிழை வேறுபாடுதான் நாதத்துக்கு மினுமினுப்பைத் தருகிறது. ஒருவர் வாசித்தாலும் பலர் வாசிப்பதாகத் தோன்றுவது அதனால்தான்.

இரண்டாவது, இடம் விட்டு வாசித்த குழு. லைட்ஃபுட்டின் தாளக் கிடாருக்கு மேல் டெர்ரி கிளெமென்ட்ஸின் கிடார் ஒரே ஒரு சோகமான இழையைத் திரும்பத் திரும்ப நெய்கிறது. பின்னால் ஸ்டீல் கிடார் காற்றைப்போல் வழுக்கிச் செல்கிறது. டிரம்ஸ் தொடக்கத்தில் இல்லவே இல்லை. எப்போது நுழைய வேண்டும் என்று தாம் கேட்டதற்கு, தலையசைக்கிறேன் என்று லைட்ஃபுட் சொன்னதாகவும், குழு முதன்முறையாகச் சேர்ந்து வாசித்த அந்த வாசிப்பே இசைத்தட்டில் இருப்பதாகவும் டிரம்ஸ் வாசித்த பேரி கீன் சொல்லியிருக்கிறார். ஒரு கதையை முதல்முறை கேட்கிறவர்களின் விழிப்பு அந்த வாசிப்பில் இருக்கிறது. கீனுடைய முதல் அடி விழும் இடத்தைத் தாங்களே கேட்டுக் கண்டுபிடியுங்கள். அதுவரை கரையோரம் நின்றிருந்த பாட்டு அங்கே ஆழத்துக்கு வந்துவிடும்.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்காதீர்கள். சுமாரான ஹெட்ஃபோன் போதும். ஆனால் குறைந்த பிட்ரேட்டில் சுருக்கிய கோப்பு வேண்டாம். அதில் முதலில் உதிர்வது அந்தத் தந்திகளின் மேல்நாதம்தான்.

கேள்வி: அடுத்து அவருடைய எந்தப் பாட்டைக் கேட்கலாம்?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: கனடா நாட்டின் நூற்றாண்டை ஒட்டி, சிபிசி ஒலிபரப்பு நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக அவர் எழுதி, 1967 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான ‘கனடியன் ரயில்ரோடு டிரிலஜி’ என்ற இரயில் பாதைப் பாட்டைக் கேளுங்கள். கொண்டாட்டத்துக்கு எழுதச் சொன்ன பாட்டில், மண்வெட்டியோடு பாதை போட்டுச் செத்த கூலித் தொழிலாளர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். வேகம் பாதியில் தளர்ந்து, அவர்கள் வரும் இடத்தில் கிடார் ஏறக்குறைய நடைபோடும். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.