முதல் போட்டவர் யார்?

கேள்வி: மௌனப்பட காலத்தில் தமிழ்நாட்டில் எழுந்த முதல் தியேட்டர் எது? சென்னை எலெக்ட்ரிக் தியேட்டர் என்கிறார் என் மைத்துனர். கோவை வெரைட்டி ஹால் என்கிறேன் நான். பந்தயம் ஒரு பிரியாணி.
- வாசகர், கரூர்

பதில்: பிரியாணி உங்கள் செலவு. மவுன்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தது 1913இல். வெரைட்டி ஹால் அடுத்த வருடம்தான். அதே ரோட்டில் அதற்கும் முன்னால் பயாஸ்கோப் காட்டியவர்கள் உண்டு. அதைக் கிளப்பினால் மைத்துனர் சாப்பிட்ட பிரியாணியும் செரிக்காது.

எனக்கு அந்த 'முதல்' மேல்தான் கண். ஒருமுறை 'காளிதாஸ்' (1931) முதல் தமிழ்ப் பேசும்படம் என்று இதே பக்கத்தில் எழுதிவிட்டேன். கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் எப்படித் தமிழ்ப் படமாகும் என்று வந்து குவிந்த கடிதங்களை ஆபீஸ் எலிகள் இன்னும் தின்று முடிக்கவில்லை.

முதல் என்றால் போட்ட பணம் என்றும் அர்த்தம் உண்டே! அந்தக் கணக்கில் என் ஓட்டு வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டுக்கு. திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன். 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பக் கிளம்பியபோது, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்து வாங்கினார். அந்தக் காலத்து 2,000! மாதச் சம்பளக்காரர் அன்று வீட்டுக்குள் எப்படி நுழைந்தாரோ, அதுதான் நிஜமான மௌனப்படம். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக இயேசுவின் வாழ்க்கையைக் காட்டினார். கோவையில் கட்டடம் எழுப்பியது அதற்கெல்லாம் பிறகு. அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்த மேஜர் சில வருடங்களிலேயே கடையைக் கட்டினார். இடத்தைத் தபால் இலாகா வாங்கிக்கொண்டது. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கட்டடம் இப்போது ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கான அலுவலகம். அன்று அங்கே டிக்கெட்டைக் கிழித்தால்தான் உள்ளே விடுவார்கள். இன்று ஸ்டாம்பின் ஒரு பல் கிழிந்திருந்தாலும் சேகரிப்பவர் முகத்தைச் சுளிக்கிறார்.

மைத்துனரோடு ஒரு நடை போய்ப் பாருங்கள். அப்படியே நாலு ஸ்டாம்ப் கூடுதலாக வாங்கி வையுங்கள். இந்தக் கேள்வி வந்த கவரில் ஸ்டாம்ப் குறைவு. அபராதம் கட்டியது நான்.