ஒற்றுப்பிழை திருத்தினால் எடிட்டிங் ஆகிவிடுமா?

நாவல் எழுதி முடித்துவிட்டேன். 62,000 சொற்கள். எடிட்டிங் செய்து தருவதாகச் சொன்ன ஒருவருக்குப் பணம் கட்டி அனுப்பினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. க், ச், த், ப் எல்லாம் சேர்த்திருக்கிறார், காற்புள்ளி போட்டிருக்கிறார். கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகி, தேனி

ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் புரூஃப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் வேலைதான். ஈய எழுத்துக் காலத்தில் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் 'பழம்' 'பலம்' ஆகிவிடாமல் பார்த்துப் பார்த்துத்தான் நான் சோறு தின்றேன். ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டியது. சமையலறை எந்தப் பக்கம் என்றே முடிவாகாத வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் எப்படி?

உங்களுக்கு இப்போது வேண்டியது வேறு. ஒருவர் முழுப் பிரதியையும் படித்து, கதை எங்கே தொய்கிறது, எந்தப் பாத்திரம் சும்மா வந்து போகிறது, முடிவை நம்ப முடிகிறதா என்று ஐந்தாறு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டும். பிரதியில் ஒரு எழுத்தைக்கூட அவர் தொட மாட்டார். அதை வைத்து நீங்கள் மறுபடி எழுதுவீர்கள். அப்புறம்தான் வரி வரியாகச் செப்பனிடுவது. 1992இல் நடக்கும் கதையில் நாயகன் செல்போனில் பேசியதை ஒருமுறை அப்படித்தான் பிடித்தேன். இந்தியாவில் செல்போன் வந்ததே 1995இல். புரூஃப் அதற்கும் பிறகு. இந்த மூன்றையும் நாம் 'எடிட்டிங்' என்ற ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டிருக்கிறோம், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழ்ப் பதிப்பகங்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரதியோடு உட்கார்ந்து மல்லுக்கட்டுகிற எடிட்டர் இங்கே அபூர்வம். 1974இல் தொடங்கிய க்ரியா அதற்குப் பேர்போனது. அதை நிறுவி நடத்திய க்ரியா ராமகிருஷ்ணன் 2020இல் போனபோது எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுப் பெரியவர் போனது மாதிரி இருந்தது. மற்றபடி ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நவம்பரில் பிரதியைக் கையில் கொடுத்து, 'கொஞ்சம் பார்த்துடுங்க' என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' என்பது ஒற்றுப்பிழைதான்.

அப்படி விரிவாகக் கருத்துச் சொல்லும் ஒருவரிடமே கொடுத்தேன். முதல் இரண்டு அத்தியாயத்தையும், 34 பக்கம், எடுத்துவிடச் சொல்கிறார். அது முழுக்க என் பாட்டி வீடு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்த வீட்டை விற்கிறார்கள். மூன்று நாளாகத் தூக்கமில்லை.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

மூன்று நாள்தானே. என் முதல் நாவலின் ஒன்பதாம் பக்கத்து ஓரத்தில் நண்பர் ஒருவர் பென்சிலால் 'இங்கே தொடங்கலாமே' என்று எழுதிக் கொடுத்தபோது நான் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. அவர் வீட்டுத் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன்.

கோபம் ஆறின பிறகு எடுத்துப் பார்த்தால், அவர் சொன்ன இடத்தில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் அவர் சொன்ன மருந்து சரியில்லை. அந்த எட்டுப் பக்கத்தையும் எடுத்துவிட்டால் அப்பா யாரென்றே தெரியாமல் போய்விடும். அதனால் எட்டை இரண்டாக்கினேன். அன்றிலிருந்து இதுதான் என் வழக்கம்: நன்றாகப் படிக்கிறவர் ஒரு இடத்தைக் காட்டி இடறுகிறது என்றால் நம்பிவிடுவேன். எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அது எழுதியவர் பாடு.

உங்கள் எடிட்டர் சொல்வது, கதை தொடங்க 34 பக்கம் காத்திருக்க முடியவில்லை என்பது. சரி. ஆனால் வீட்டை விற்கும்போது வாசகருக்கு வலிக்க வேண்டுமென்றால் அந்த வீடு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு காரியம் செய்யுங்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பாட்டி வீட்டுப் பொருள் எதெது அங்கே திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெற்றிலைப் பெட்டி, முற்றத்துத் தூண், எதுவோ, மூன்று நான்கு தேறும். அவை மட்டும் முன்பகுதியில் இருக்கட்டும், அதுவும் கதை நடக்கும்போதே கண்ணில் படட்டும். மீதியைக் கிழித்துப் போட வேண்டாம், தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே இன்னொன்றும். அனுப்பியிருந்த மாதிரிப் பக்கத்தில் 'கண்களில் நீர் ததும்ப, கனத்த இதயத்துடன் அவள் கதவைச் சாத்தினாள்' என்று இருக்கிறது. நானாக இருந்தால்: 'அவள் கதவைச் சாத்தினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.' விற்றுவிட்ட வீட்டுக்கு எதற்கு அவ்வளவு பத்திரம் என்று வாசகர் தானே நினைத்துக்கொள்வார்.

என் கணவர் படித்துவிட்டு 'நல்லா இருக்கு' என்கிறார். போதாதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

குடும்பம் நடக்க அது போதும். கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: 'எந்தப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு டீ குடிக்க எழுந்தீர்கள்?' இதற்கு மனுஷனால் பொய் சொல்ல முடியாது. ஐந்து பேரைக் கேட்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் எடிட்டருக்கு முன்பே அதைச் சரிசெய்துவிடலாம், காசும் மிச்சம்.

எடிட்டரிடம் கொடுத்தால் கதையைத் திருடிவிட மாட்டாரா?
– ஒரு வாசகர், சேலம்

எழுதிய உடனே காப்புரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி அதிலேயே இருக்கும். எனக்கு வந்த பிரதிகளில் திருடத் தோன்றியது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு மீன்குழம்புச் செய்முறை.

நல்ல எடிட்டர் என்று பணம் கட்டும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?
– அதே தேனி வாசகி

மறுபடி நீங்களா, நல்லது. முதல் பத்துப் பக்கத்தை மட்டும் அனுப்பி, அதற்கு மட்டும் காசு கொடுத்து, கருத்தை எழுத்தில் கேளுங்கள். 'அருமையான நடை' என்று வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். 'ஆறாம் பக்கத்தில் அண்ணன் எங்கே போனான்?' என்று கேட்டு வந்தால் மிச்சப் பக்கங்களையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதம் அவகாசம் கேட்பார். கொடுங்கள்.